கணக்கில் வராத கிலோமீட்டர்கள்

பொழுதுபோக்குக்காக சைக்கிள் ஓட்டும் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு எப்படிப் போகும் என்று ஒருமுறை ஒட்டுக்கேட்டுப் பாருங்கள்.

"ஞாயித்துக்கிழமை எவ்ளோ?"

"நூறு."

"ஆவரேஜ்?"

"இருபத்தஞ்சு."

"செம! காத்து இருந்துச்சா?"

"போறப்ப ஒண்ணும் தெரியல. திரும்புறப்ப சாத்து சாத்துன்னு சாத்திடுச்சு."

அப்புறம் பஞ்சர் கதை, மகாபலிபுரத்தில் சாப்பிட்ட இட்லிக் கதை, புது டயர் என்ன விலை என்ற கதை. பேச்சு முடிந்துவிடும். அந்த நூறு கிலோமீட்டரும் எந்த ரோட்டில் ஓடியது, அந்த ரோடு எப்படி இருந்தது என்பது மட்டும் கடைசி வரை வராது.

இதில் தப்பு என்ன, ஓட்டியவனுக்கு ஓட்டிய சந்தோஷம் என்று கேட்கலாம். நியாயம்தான். காலை நாலரைக்கு எழுந்து தொடை வலிக்க மிதித்துவிட்டு வந்தவனுக்கு நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. மெட்ராஸ் ராண்டனர்ஸ் போன்ற குழுக்கள் நடத்தும் நீண்ட தூர சவாரிகளில் 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பரிசுப் பணம் கிடையாது, முதல் இடம் இரண்டாம் இடம் கிடையாது. முடித்தவனுக்கு மிஞ்சுவது ஒரு பதக்கமும் சொல்லிக்கொள்ள ஒரு கதையும்தான். அந்தக் கதையையும் பிடுங்கிக்கொள்வது பாவம்.

ஆனால் இந்தக் கதை சொல்லும் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் வேறு ஒரு பலம் இருந்தது.

இங்கிலாந்தில் 1878-ல் சைக்கிள் சுற்றுலாக்காரர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். எல்லாம் பொழுதுபோக்குக்கு ஓட்டியவர்கள். அன்றைய சைக்கிளில் பிரேக் என்பது பெயருக்குத்தான். மேட்டில் ஏறிவிட்டு இறக்கத்தில் கட்டுப்படுத்த முடியாமல் கை கால் உடைந்தவர்கள் ஏராளம். ஆகவே ஊர் சுற்றி வந்தவர்கள் எந்த இறக்கம் ஆபத்து, எந்த வளைவு மோசம் என்று மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். சைக்கிள் சங்கங்களே அந்த இறக்கங்களின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகை நட்டன. 1886-ல் சாலைகளைச் சீர்படுத்தக் கோரி தனியாக ஓர் அமைப்பே தொடங்கினார்கள். அமெரிக்காவிலும் அதே கதை. 1880-ல் சைக்கிள்காரர்கள் சங்கம், 1892-ல் நல்ல சாலைகள் வேண்டும் என்று அவர்கள் நடத்திய பத்திரிகை, 1893-ல் சாலைகளைப் பற்றி ஆராய அரசே திறந்த அலுவலகம். ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது 1908-ல். அதாவது காருக்கு நல்ல ரோடு கேட்டுக் கொடுத்ததே சைக்கிள்காரன்தான்! (பிறகு அதே ரோட்டில் அவனை ஓரத்துக்குத் தள்ளியது வேறு விஷயம்.)

ஆக, சவாரி அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வது வெட்டிப் பேச்சு அல்ல. பேச்சு எதைப் பற்றி என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

இப்போது சென்னைக்கு வரலாம். இங்கே சைக்கிள்காரர்களின் கதைகளை எல்லாம் சேர்த்து ஒரு வரைபடம் போட்டால் அடையாறு, திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலை, ஓஎம்ஆர் எல்லாம் பளிச்சென்று தெரியும். பேசின் பிரிட்ஜைத் தாண்டி வடக்கே பார்த்தால் படம் மங்கிவிடும். "அந்தப் பக்கம் போகாதீங்க, கன்டெய்னர் லாரி" என்ற ஒரே வரியில் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மொத்தமும் முடிந்துவிடுகிறது.

அந்தப் பக்கம் சைக்கிளே இல்லையா என்ன? வியாசர்பாடியில் காலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு முனையில் நின்று பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்து வரும் வாட்ச்மேன், கேரியரில் டீ கேன் கட்டியவர், ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை தொங்க வேலைக்குப் போகிறவர், பிளஸ் ஒன்னில் கவர்மென்ட் கொடுத்த சைக்கிளில் டியூஷனுக்குப் போகும் பெண்பிள்ளை. அந்த இலவச சைக்கிள் திட்டம் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு மற்ற மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் விரிந்தது. அதற்கும் முன்னால், பக்கத்தில் பெரம்பூரில் பி அண்ட் சி மில் ஓடிய காலம் உண்டு. மில்லை 1996-ல் மூடினார்கள். இந்தப் பக்கத்து உழைப்பாளி வீடுகளுக்கு சைக்கிள் என்றைக்கும் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. ஹெர்குலிஸ் சைக்கிள் செய்த டிஐ சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியதும் இதே சென்னையின் அம்பத்தூரில்தான்.

இவர்கள் தினம் பத்து, பதினைந்து கிலோமீட்டர் மிதிக்கிறார்கள். வருடத்துக்குக் கூட்டினால் ஞாயிற்றுக்கிழமை வீரர்கள் பலரை மிஞ்சிவிடுவார்கள். ஆனால் அந்தக் கிலோமீட்டர் எந்தக் கணக்கிலும் ஏறாது. கேட்டால், "இதுல சொல்றதுக்கு என்னப்பா இருக்கு, வேலைக்குப் போனேன் வந்தேன்" என்பார்கள்.

சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

வியாசர்பாடியிலிருந்து எண்ணூருக்கு சைக்கிளில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூலகொத்தளம் வழியாக ராயபுரம். 1856-ல் திறந்த, தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் காசிமேடு. விடியற்காலையில் மீன் வண்டிகளிலிருந்து சொட்டிய தண்ணீரில் ரோடு வழுக்கும். பிறகு எண்ணூர் விரைவுச் சாலை. வலப்பக்கம் கடல், கருங்கல் கொட்டிய கரை. திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனியின் பழைய தொழிற்சாலை. (புல்லட்டுக்குப் பேர் போன அந்தக் கம்பெனியின் இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி ஆரம்பத்தில் செய்தது சைக்கிள்!) கடைசியில் எண்ணூர் கழிமுகம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து படகெல்லாம் கறுத்துப் போன இடம். கோடையில் தெற்கிலிருந்து காற்று அடிக்கும் நாட்களில் போகும்போது பறக்கலாம். திரும்பும்போது அதே காற்று வட்டியோடு வசூல் செய்துவிடும்.

ஈசிஆருக்குக் கொஞ்சமும் குறையாத சவாரி இது. ஆனால் ரோடு?

துறைமுகத்துக்குள் போக வேண்டிய கன்டெய்னர் லாரிகள் இடது ஓரத்தில் வரிசை கட்டினால் சைக்கிள்காரனுக்கு இடம் நடுரோட்டில்தான். நிற்கிற லாரிதானே என்று ஒட்டிப் போனால் கதவு திறக்கும், இல்லை கிளீனர் குதிப்பார். ஓடுகிற லாரியின் இடப்பக்கம் அதைவிட மோசம். டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். முன் சக்கரத்தை ஒட்டிய இடது மூலை அவர் கண்ணுக்கே தெரியாது. நீளமான டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது முன்பக்கம் போன பாதையில் பின் சக்கரம் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடைவெளி இருக்கிறதே என்று அங்கே நுழைந்த சைக்கிளுக்கு ஒரு நொடியில் இடைவெளி இருக்காது. ரோட்டோர மணலில் பிரேக் பிடித்தால் சறுக்கும். தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் முன் சக்கரம் மாட்டிக்கொள்ளும், நேர்க் குறுக்காகக் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால் எந்த வழியாகச் சுற்றிப் போவது என்பது தனிப் பாடம்.

இதெல்லாம் அந்த வாட்ச்மேனுக்கும் டீ கேன்காரருக்கும் அத்துப்படி. எந்தப் புத்தகத்திலும் இல்லாத படிப்பு. அவர்களோடு வந்து அவர்களோடே போய்விடுகிறது.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. ஆள் செத்தால்தான் கணக்கில் ஏறும். அதே இடத்தில் அதற்கு முன் நூறு பேர் மயிரிழையில் தப்பியிருப்பார்கள். அந்த நூறுக்கு எப்ஐஆர் கிடையாது, ஆஸ்பத்திரிச் சீட்டு கிடையாது. தப்பித்தவன் நெஞ்சைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள் என்று அங்கேயும் சொல்லியிருக்க மாட்டான்.

விமானத் துறையில் இந்தத் தவறைச் செய்வதில்லை. அமெரிக்காவில் 1976 முதல் நாசா ஒரு பதிவேடு நடத்துகிறது. விபத்து நடக்கவில்லை, ஆனால் நடந்திருக்கும் என்று தோன்றினால் விமானி எழுதி அனுப்பலாம். அனுப்பியவர் பெயர் வெளியே வராது. விழுந்த விமானம் சொல்வதைவிட விழாமல் தப்பிய விமானங்கள் நிறையச் சொல்லும் என்பதுதான் கணக்கு.

சைக்கிளுக்கும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ரேச்சல் ஆல்ட்ரெட் என்ற ஆய்வாளர் 2014-ல் சைக்கிள்காரர்களிடம் ஒரு நாள் முழுக்க எங்கே பயந்தார்கள், எங்கே தப்பித்தார்கள் என்று குறித்துத் தரச் சொன்னார். கிடைத்த முடிவுகளில் ஒன்று யோசிக்க வைப்பது. வேகமாக ஓட்டுகிறவர்களைவிட மெதுவாக ஓட்டுகிறவர்களுக்குத்தான் ஒவ்வொரு மைலுக்கும் இந்த மாதிரி சம்பவங்கள் அதிகம். அதனால் பெண்களுக்கு அதிகம்.

இதைக் கொஞ்சம் வியாசர்பாடியில் பொருத்திப் பாருங்கள். கதை சொல்கிறவர்கள் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்கள். ஹெல்மெட், பின்னால் சிவப்பு லைட், கூடவே பத்துப் பேர். கதையே சொல்லாதவர்கள் பத்து கிலோமீட்டர் வேகத்தில், ரிஃப்ளெக்டர் உடைந்த சைக்கிளில், தனியாகப் போகிறவர்கள். ஆபத்து இவர்களுக்கு, அனுபவப் பகிர்வு அவர்களுக்கு. விஷயம் தெரிந்தவனிடம் பேச்சு இல்லை, பேசுகிறவனிடம் விஷயம் இல்லை.

சரி, சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும், மாநகராட்சி ஓடி வந்துவிடுமா என்று சிரிக்கலாம். ஓடி வராதுதான். சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்று ஒரு கொள்கை வெளியிட்டது. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் இவர்களுக்கு என்று அதில் எழுதியிருந்தது. 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் பளபளவென்று திறந்தார்கள். மெச்ச வேண்டிய வேலை. ஆனால் அது தி.நகருக்கு வந்தது, தண்டையார்பேட்டைக்கு வரவில்லை. பேசப்படும் இடத்துக்குத்தான் பணம் முதலில் போகும். பேச்சே இல்லாத இடத்துக்குக் கொள்கை காகிதத்தில்தான் வரும்.

காமர்ஸ் படிக்கிற எவருக்கும் இது புதிதில்லை. முதலில் குறிப்பேடு, பிறகு பேரேடு, கடைசியில் இருப்புநிலைக் குறிப்பு. குறிப்பேட்டில் ஏறாத ஒரு வரவு செலவு எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் கடைசிப் பக்கத்தில் தெரியாது. நஷ்டமே இல்லை என்று காட்டும் கணக்கு, நஷ்டம் இல்லாததாலும் இருக்கலாம். எழுதாததாலும் இருக்கலாம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வீரர்கள் செய்யக்கூடியது ரொம்பப் பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு வடக்கே வரலாம். காசிமேட்டில் படகோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு "வேற லெவல் அனுபவம்" என்று சொல்லிவிட்டுப் போவதற்காக அல்ல. எந்த இடம், எத்தனை மணி, லாரி எந்தப் பக்கம் நின்றது, தெருவிளக்கு எரிந்ததா, எங்கே பிரேக் பிடிக்க வேண்டியிருந்தது, இவ்வளவு போதும். இன்னும் நல்லது, வழியில் ஒரு டீ சொல்லிவிட்டுப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தியிருக்கும் பெரியவரிடம், "அண்ணே, இந்த ரோட்ல எங்க ஜாக்கிரதையா போகணும்?" என்று கேட்பது. முப்பது வருட அனுபவம் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். கேட்டதை அவர் சொன்னதாகவே சொல்லலாம், தன் சாகசமாக மாற்ற வேண்டாம்.

வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு அதைவிடச் சுலபம். காலேஜுக்கோ டியூஷனுக்கோ மிதித்துவிட்டு வருவதும் ஒரு ரைடுதான். இருபதாயிரம் ரூபாய் சைக்கிள் இருந்தால்தான் அனுபவம் என்று யாரும் சட்டம் போடவில்லை.

பயந்ததைச் சொல்வது கௌரவக் குறைச்சல் என்ற நினைப்பு மட்டும் போக வேண்டும். ஆவரேஜ் ஸ்பீடு சொன்னால் சொன்னவனுக்குப் பெருமை. பயந்த இடத்தைச் சொன்னால் அடுத்து அந்த வழியாக வருகிற ஒரு பிளஸ் ஒன் பெண் பத்திரமாக வீடு போய்ச் சேரலாம்.

அடுத்த ஞாயிறு யாராவது நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தால் "எவ்ளோ?" என்று கேட்க வேண்டாம். "எங்க பயந்தே?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு ரோட்டுக்கு வந்துவிடும்.