புனே காட்டும் பட்டு வழி

சர்க்கரை நோயாளியின் காலில் வரும் புண் லேசில் ஆறாது. ரத்த ஓட்டம் குறைந்து, உணர்ச்சியும் மரத்துப்போன பாதம் அது. கிருமி புகுந்துவிட்டால் விரல் போகும்; சிலருக்குக் காலே போகும். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு. அரசு மருத்துவமனையில் இவர்களில் புண் வந்தவர்களுக்கு இன்றும் காஸ் துணிக் கட்டுதான் வழக்கம்.

ஆய்வகங்களோ வெகுதூரம் போய்விட்டன. அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த சிறு பெப்டைடுகள் தண்ணீரில் தாமாகவே அடுக்கிக்கொண்டு, தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய நானோ இழைகளாகின்றன. அந்த இழைகள் பின்னி நீரைப் பிடித்துவைத்தால் ஹைட்ரோஜெல். புண் உலராது, புதுச் செல்கள் கொடிபோலப் பற்றி ஏறப் பந்தல் கிடைக்கும், உள்ளே வைத்த மருந்தும் மெதுவாகக் கசியும். அமெரிக்காவின் எம்ஐடியில் ஷுகுவாங் ஜாங் 1990-களில் தொடங்கிய ஆய்வின் வழியில் வந்ததுதான், குடலில் ரத்தக்கசிவை நிறுத்த எண்டோஸ்கோப்பி மருத்துவர்கள் பயன்படுத்தும் ஜப்பானிய ‘பியூராஸ்டாட்’. புனே ஐஐஎஸ்இஆர் ஆய்வு நிறுவனத்தில் எச்.என்.கோபியின் குழு, உடலின் நொதிகளால் எளிதில் வெட்ட முடியாத காமா பெப்டைடுகளை ஆராய்கிறது.

சிக்கல் விலையில் இருக்கிறது. அமினோ அமிலத்தை ஒவ்வொன்றாகக் கோத்து, ஒவ்வொரு முறையும் கரைப்பானில் கழுவ வேண்டும். சிறிதளவே போதுமான ரத்தக்கசிவுக்கு அந்த விலை தாங்கும். உள்ளங்கை அகலப் புண்ணுக்கு, மாதக்கணக்கில், தாங்காது.

அதே புனேயில், 1950-ல் திறக்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வகம் வேறு பக்கம் பார்த்தது. அங்கே நடந்த ஆய்விலிருந்து பிறந்த செரிஜென் நிறுவனம், பட்டுப் புரதத்தில் எலும்புக் குறையை நிரப்பும் பொருளும் புண்கட்டும் உருவாக்கியிருக்கிறது. பட்டு நூலின் புரதமான ஃபைப்ரோயினும் கிளைசின், அலனின், செரின் என்ற அமினோ அமிலங்கள் மாறிமாறி வரும் நீண்ட சங்கிலிதானே? கோக்கும் வேலையைப் புழுவே செய்துவிடுகிறது. பட்டு நூலை வேகவைத்துப் பசையை நீக்குவது காஞ்சிபுரத்துக்குப் பழகிய தொழில். பட்டு உற்பத்தியில் உலகில் இரண்டாமிடத்தில் இருக்கும் நாடு, நூலெடுக்க உதவாத கூடுகளை வைத்துக்கொண்டு விலையுயர்ந்த செயற்கைப் பெப்டைடுக்கு ஏங்க வேண்டியதில்லை.

எந்த ஜெல்லும் மந்திரம் அல்ல. அழுகிய சதையை அகற்றி, பாதத்தின் மேல் பாரம் விழாமல் காத்து, சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தால்தான் அது வேலை செய்யும். ஆனாலும் அரசு மருத்துவமனைக்குக் கட்டு வாங்கும் டெண்டரில் துணியின் விலையை மட்டும் பார்ப்பது தப்புக் கணக்கு. தினமும் கட்டு மாற்றும் செவிலியரின் நேரம், நோயாளியின் பஸ் கட்டணம், போன கூலி எதுவும் அதில் ஏறுவதில்லை. மருந்துக் கொள்முதலில் மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதில் முந்திக்கொள்ளலாம். சில மாவட்ட மருத்துவமனைகளில் பட்டுக் கட்டையும் காஸ் துணியையும் ஒரே வகைப் புண்களில் ஒப்பிட்டு, ஆறிய புண் ஒன்றுக்கு மொத்தம் எவ்வளவு செலவு என்று கணக்கிட்டு, அந்தத் தொகையை வைத்து அடுத்த டெண்டரைக் கோர வேண்டும்.