கார்டு வந்தாச்சு, கணக்கு தெரியுமா மக்கா?

பிளேஸ்மென்ட் ஆன மறுவாரமே எங்க சீனியர் அண்ணனுக்கு போன் வந்துச்சு: "சார், உங்களுக்கு கிரெடிட் கார்டு அப்ரூவ் ஆயிருச்சு." பான், ஆதார் கொடுத்தார். பத்தே நாளில் கார்டு வீட்டுக்கு வந்தது. வீட்டில் ஒரே பெருமை.

நம்ம தூத்துக்குடி கடற்கரைக்கு முன்பணம் புதுசு இல்ல. முன்பணம் வாங்கிட்டு கடலுக்குப் போனா, பிடிச்ச மீனுக்கு விலை சொல்றது கொடுத்தவர்தான். கார்டும் முன்பணம்தான்.

20,000 ரூபாய் பில்லுக்கு 5% 'மினிமம் டியூ', அதாவது 1,000 மட்டும் கட்டுறோம்னு வைங்க. மீதி 19,000-க்கு மாதம் 3.5% வட்டின்னா 665 ரூபாய். அதுக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தா கிட்டத்தட்ட 785. அடுத்த மாதம் கட்டுற ஆயிரத்தில் கடன் குறையுறது இருநூத்திச் சொச்சம்தான்!

கார்டே வேண்டாம்னு சொல்லல. முழு பில்லையும் கட்ட முடிஞ்சா வாங்குங்க. வந்த பிறகு மனசு மாறினாலும் பயம் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்யாத கார்டுக்கு வங்கி ஓடிபி வழியா சம்மதம் கேட்கணும். நாம கொடுக்கலேன்னா, 7 வேலை நாளில் கட்டணம் இல்லாம மூடணும்.

லிமிட் ஒரு லட்சம்னா, நம்மகிட்ட ஒரு லட்சம் இருக்குன்னு அர்த்தம் இல்ல மக்கா.