லிப்டுக்கு வயசாகும் என்று யாரும் சொல்லவில்லை

2023 ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக, மகள் விட்டுச் சென்ற பழைய லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். அப்போது எனக்கு வயது 73. ஆறு வார ஆன்லைன் வகுப்பு. அதன் பெயரைத் தமிழில் சொன்னால், ‘நிதித் துறை சாராத மேலாளர்களுக்கான நிதி’. நிதித் துறை சாராதவன் என்பது சரி. மேலாளர் என்பதுதான் பொருந்தவில்லை. 38 வருஷம் பாண்டிச்சேரி அரசில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எனக்கு மேலே மேலாளர்கள் இருந்தார்கள், கீழே நாற்காலிதான் இருந்தது.

மகள் தன் கம்பெனிக்காக இந்த வகுப்பைப் படித்தவள். “அப்பா, நீங்க அசோசியேஷன் கணக்கு பார்க்கிறீங்களே, இதை ஒரு தடவை பாருங்க” என்று சொல்லிப் பெயரைப் பதிவு செய்துவிட்டாள். முந்தைய வருஷம் எங்கள் குடியிருப்பில் நடந்தது அவளுக்குத் தெரியும். அதை நினைத்து நான் தூங்காத இரவுகளும் அவளுக்குத் தெரியும். அதனால் மறுக்கவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள், நான்கு மாடி, ஒரு லிப்ட். கட்டி முடித்தது 2004-இல். நான் 2010-இல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருஷமே, “சார் கவர்ன்மெண்டில் இருந்தவர், ஒரு பைசா தப்பாது” என்று சொல்லி என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். ஒரு பைசா தப்பவில்லை என்பது உண்மை. வவுச்சர் இல்லாமல் ஒரு பல்பு வாங்கியதில்லை. வருஷக் கடைசியில் ஒரு தாளில் இடப் பக்கம் வரவு, வலப் பக்கம் செலவு, அடியில் கையிருப்பு என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவேன். மாதச் சந்தா 800 ரூபாய். பல வருஷம் அதை ஏற்றவே இல்லை. 2017 பொங்கலுக்குக் கையில் 60,000 ரூபாய் மிச்சம் இருந்தது. வீட்டுக்கு 2,500 ரூபாய் திருப்பிக் கொடுத்தோம். எனக்குச் சால்வை போட்டார்கள். அந்தச் சால்வை இன்னும் பீரோவில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கத்தான் மனசு வரவில்லை.

2022-இல் லிப்ட் நின்றது. பார்க்க வந்த மெக்கானிக், “இதுக்கு இனிமே பார்ட்ஸ் கிடைக்காது சார், புதுசுதான் போடணும்” என்றார். 9 லட்சம் ரூபாய். சங்கத்தின் கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்குத்தான் வரும். வீட்டுக்கு 37,500 ரூபாய் வசூல் செய்தோம். மூன்று மாதம் எல்லோரும் படி ஏறினோம்.

மூன்றாம் மாடியில் ஒரு அம்மா இருக்கிறார்கள். கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியத்தில் தனியாக இருப்பவர்கள். முழங்கால் வலி, அந்த மூன்று மாதமும் அநேகமாகக் கீழே இறங்கவே இல்லை. ஆனாலும் பணத்தை முதல் ஆளாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வளையலை அடகு வைத்துத்தான் கொடுத்தார்கள் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்து, வேலைக்கார அம்மா மூலமாகத் தெரிந்தது. நான் போய்க் கேட்டேன். “அதனால என்ன சார், எல்லாரும்தானே குடுத்தாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, மெஷின்னா ரிப்பேர் ஆகத்தானே செய்யும்” என்றார்கள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார்கள். ஆனால் என் தவறே அந்தப் பேச்சில்தான் இருந்தது. மெஷின் என்றால் ரிப்பேர் ஆகும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பதினொரு வருஷம் கணக்கு எழுதிய என் தாளில் அது எங்கேயும் இல்லை.

வகுப்பின் முதல் வாரம் ஒன்றும் புரியவில்லை. சொல்லிக்கொடுத்தவர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் போலப் பேசினார். ஆங்கிலத்தில் வந்த கலைச்சொற்கள் காதில் விழுந்து மறு காது வழியே போயின. பத்துக் கேள்விகளில் நாலுதான் சரி. நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு மீடியத்தில். 1962-இல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகு ஆபீசெல்லாம் ஆங்கிலமானது. அதை வேலைக்காகக் கற்றுக்கொண்டேனே தவிர, எண்களை இன்றும் மனசுக்குள் பிரெஞ்சில்தான் கூட்டுகிறேன். ஆகவே இரண்டாவது வாரம் ஒரு வழி செய்தேன். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் நேரான பிரெஞ்சுச் சொல்லை நோட்டில் எழுதி, அதற்கு எதிரே தமிழை எழுதினேன். அதன் பிறகுதான் கதவு திறந்தது.

ஆங்கிலத்தில் ‘டிப்ரிசியேஷன்’ என்றால் எனக்கு வருமான வரிப் படிவம்தான் ஞாபகம் வரும். பிரெஞ்சில் அதற்கு ‘அமோர்த்திஸ்மான்’ என்று பெயர். அந்தச் சொல்லின் வேரிலேயே ‘மோர்’, அதாவது சாவு, இருக்கிறது. பொருள் ஒன்று வாங்கிய நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு வருஷக் கணக்கிலும் அந்த வருஷத்துச் சாவை எழுது என்கிறது அந்தச் சொல். தமிழில் தேய்மானம். செருப்பின் குதிகால் தேய்வது எல்லோருக்கும் தெரியும். தேய்வதை எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

தெரியாததற்கு ஒரு காரணம் உண்டு. அரசாங்கக் கணக்கு ரொக்கக் கணக்கு. பணம் கஜானாவை விட்டுப் போன நாளில் செலவு, வந்த நாளில் வரவு. ஆபீசுக்கு ஜீப் வாங்கினால் வாங்கிய வருஷத்தில் முழு விலையும் செலவு, அதோடு சரி. அடுத்த பதினைந்து வருஷம் அது தேய்வதை எழுத எங்கள் லெட்ஜரில் கலம் கிடையாது. மார்ச் 31-க்குள் பணம் தீர்ந்ததா என்பது ஒன்றே எங்கள் கவலை. இதை மாற்ற வேண்டுமா என்று பார்க்க மத்தியத் தணிக்கைத் துறைத் தலைவர் 2002-இலேயே ஒரு வாரியம் அமைத்தார். மாற்றம் இன்னும் முழுசாக வந்தபாடில்லை. அரசாங்கம் அப்படிச் சமாளித்துக்கொள்ளும், அதற்கு வரி போடும் அதிகாரம் இருக்கிறது. 24 வீட்டுச் சங்கத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. அடகுக் கடைதான் உண்டு.

மூன்றாம் வாரம் வகுப்பை நிறுத்திவிட்டு என் பழைய தாள்களை எடுத்தேன். 2004-இல் பில்டர் போட்ட லிப்டின் விலை சுமார் 6 லட்சம். இருபது வருஷ ஆயுள் என்று வைத்தால் வருஷத்துக்கு 30,000. வீடு ஒன்றுக்கு மாதம் 104 ரூபாய். கட்டிடத்துக்கு ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிக்க 3 லட்சம் ஆகிறது, அதைப் பிரித்தால் வருஷத்துக்கு 50,000. நான் 60,000 மிச்சம் என்று சால்வை வாங்கிய வருஷத்துக்கு இந்த இரண்டையும் எழுதிப் பார்த்தேன். 20,000 ரூபாய் பற்றாக்குறை. இல்லாத லாபத்தை நான் பொங்கல் இனாமாகப் பங்கு போட்டிருக்கிறேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், வகுப்பிலும் பலர் குழம்பிய இடம் இது. தேய்மானம் என்று தாளில் எழுதிவிட்டால் பெட்டிக்குள் பணம் வந்துவிடாது. எழுதுவது நமக்கு உண்மை தெரிவதற்கு. பணத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வருஷம் 30,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு 18 வருஷம் போட்டிருந்தால் 10 லட்சத்துக்கு மேல் சேர்ந்திருக்கும், யாரிடமும் ஒரு ரூபாய் கேட்டிருக்க வேண்டாம். அது எனக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் சேர்த்த கணக்கு. நான் இருந்த பதினொரு வருஷத்தை மட்டும் எடுத்தாலும் 4 லட்சத்து 73 ஆயிரம் வருகிறது. அந்த அம்மா 37,500-க்குப் பதில் 18,000-க்கும் குறைவாகக் கொடுத்திருப்பார்கள். வளையல் கையிலேயே இருந்திருக்கலாம்.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. 2019-இல் இரண்டு குடும்பங்கள் வீட்டை விற்றுவிட்டுப் போயின. பதினைந்து வருஷம் லிப்டில் ஏறி இறங்கியவர்கள் தேய்மானத்துக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை, பொங்கல் இனாம் வேறு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வீடுகளை வாங்கி மூன்று வருஷம் மட்டுமே ஏறியவர்கள் முழுப் பங்கும் கொடுத்தார்கள். சந்தாவை ஏற்றாமல் வைத்திருந்ததை நான் சிக்கனம் என்று நினைத்திருந்தேன். பின்னால் வருபவர் பையில் கை வைத்திருக்கிறேன் என்பது அப்போது தெரியவில்லை.

நாலாம் வாரம் நடைமுறை மூலதனம். பிரெஞ்சில் ‘ஃபோன் து ரூல்மான்’, உருண்டுகொண்டே இருக்கிற பணம். சரக்கு வாங்கி, வேலை செய்து, பில் போட்டு, பணம் வந்து, மறுபடி சரக்கு வாங்குகிற சக்கரம் அது. லாபத்தில் ஓடுகிற தொழில்கூடச் சக்கரம் நின்றால் மூடிப் போகும் என்று பாடத்தில் ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துக் காட்டினார்கள். எனக்குக் கற்பனைக் கம்பெனி தேவைப்படவில்லை. எண்பதுகளில் எங்கள் ஆபீசுக்குப் படிவங்கள் அச்சடித்துக் கொடுத்த ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். சின்ன அச்சகம், இரண்டு ஆட்கள். 1987-இல் அவருடைய 18,000 ரூபாய் பில்லை மூன்று முறை திருப்பி அனுப்பினேன். ஒரு தடவை டெலிவரி சலானில் தேதி இல்லை, ஒரு தடவை ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லை, மூன்றாவது காரணம் மறந்துவிட்டது. எல்லாம் விதிப்படிதான். மார்ச் 31 தாண்டிவிட்டது, ஒதுக்கீடு காலாவதியானது, புது அனுமதி வாங்கிப் பணம் கைக்குப் போக ஒன்பது மாதம். அவர் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார். “அரசாங்கப் பணம் எங்கே போகும், வந்துடும்” என்று சொல்லி அனுப்புவேன். காகிதக் கடைக்காரருக்குக் கொடுக்க அவர் கந்து வட்டிக்கு வாங்கிக்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அச்சகம் மூடியதற்கு என் மேஜை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். என் மேஜைக்குப் பங்கே இல்லை என்றும் இனிமேல் சொல்ல முடியாது. 2006-ஆம் வருஷச் சட்டப்படி சிறு தொழில்காரருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்தச் சட்டம் வந்த பிறகும் நாலு வருஷம் நான் பணியில் இருந்தேன். அதன் காரணத்தை எனக்கு யாரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஓய்வூதியர்களுக்கு ஒரு சின்ன இடைச்செருகல். ஐந்தாம் வாரம், இன்றைய ரூபாய்க்கும் நாளைய ரூபாய்க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னபோது, கம்யூடேஷனைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 வயதில் ஓய்வு பெற்றவருக்குப் பெருக்கு எண் 8.194. மாதம் 1,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால் கையில் 98,328 வரும். பதினைந்து வருஷத்தில் பிடிப்பது 1,80,000. ஆண்டுக்கு 9 சதவீத வட்டிக் கடனுக்குச் சமம். நடுவில் இறந்துபோனால் மீதியைக் கட்ட வேண்டாம் என்பது அதன் நல்ல பக்கம். எடுத்தது தப்பு என்று சொல்லவில்லை. “எல்லோரும் எடுக்கிறார்கள்” என்று கையெழுத்துப் போட்டதுதான் தப்பு. எனக்கு அந்தப் பிடித்தம் 2025-இல் தீர்ந்தது.

வகுப்பில் குறையும் உண்டு. பாதி விகிதங்கள் பங்குச் சந்தைக்காரருக்கு. என்னைப் போன்றவருக்கு உதாரணமே கிடையாது. கோயில் கமிட்டி, கூட்டுறவுச் சங்கம், குடியிருப்புச் சங்கம் என்று அடுத்தவர் பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் பார்ப்பது ஒன்றே ஒன்று, ஆள் நாணயமானவரா என்று. நானும் நாணயமானவன்தான். அது போதும் என்று நினைத்ததில்தான் ஒரு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. இவர்களை யாரும் ஆடிட்டர் ஆக்க வேண்டாம். கணக்கில் எழுதாமல் விட்ட செலவு எது, இந்தத் தாளில் தெரியாத கடன் எது என்று கேட்கத் தெரிந்தால் போதும். அதைத் தமிழில் பத்து மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பதவி ஏற்கும் முன் அந்தப் பத்து மணி நேரத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி. வயதானவர்களை விரட்டிவிடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். 73 வயதில் நான் உட்கார்ந்தேனே.

வகுப்பு முடிந்த பிறகு நடந்த பொதுக்குழுவில் சந்தாவை 200 ரூபாய் ஏற்ற வேண்டும், அது தனிக் கணக்கில் போக வேண்டும் என்றேன். ஒரு மணி நேரம் சண்டை. “புது லிப்ட் போட்டு ஒரு வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள அடுத்த லிப்டுக்கா?” என்று ஒருவர் சத்தம் போட்டார். ஆமாம், அடுத்த லிப்டுக்குத்தான் என்றேன். 2017-இல் சால்வை வாங்கிய கதையையும், அந்த வருஷத்துச் சரியான கணக்கையும் தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுத்தேன். 13 பேர் சரி என்றார்கள், 9 பேர் வேண்டாம் என்றார்கள், இரண்டு வீடு வரவில்லை.

இப்போது ரசீதில் இரண்டு வரி: பராமரிப்பு 800, எதிர்கால நிதி 200. மூன்றாம் மாடி அம்மா முதல் தேதி பணம் கொடுக்க வரும்போது, “அந்த ரெண்டாவது கணக்குல எவ்வளவு சேர்ந்திருக்கு சார்?” என்று கேட்பார்கள். பாஸ் புத்தகத்தைக் காட்டுவேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள்.