கொழுப்பும் மத்தாப்பும்

“உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி” என்று நம் ஊரில் திட்டுவோம். டாக்டரும் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து அதையேதான் சொல்கிறார். எண்ணெய் வியாபாரத்தால் வளர்ந்த விருதுநகரிலேயே கொழுப்புக்கு இந்தக் கதி! நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு அதன் இன்னொரு முகத்தையும் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

நம் செல்களில் உள்ள சில புரதங்களின் மேல், செல்லே ஒரு கொழுப்பு அமிலத்தை வால் மாதிரி ஒட்டிவிடுகிறது. செல்லின் சவ்வும் கொழுப்புதான். அதனால் வால் உள்ள புரதம் அங்கே நங்கூரம் போட்டு நிற்கும். பாமாயிலில் நிறைய உள்ள பால்மிடிக் அமிலமும், சாதிக்காயால் பெயர் பெற்ற மிரிஸ்டிக் அமிலமும் இதில் முக்கியமானவை. புற்றுநோய் ஆராய்ச்சியில் அடிக்கடி அடிபடும் ராஸ் புரதங்களில் சிலவற்றுக்குப் பால்மிடிக் வால் உண்டு. வால் கழன்றால் அவை தம் இடத்தில் நிற்பதில்லை.

எந்தப் புரதத்துக்கு வால் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன்பெல்லாம் கதிரியக்கம் ஏற்றிய கொழுப்பு அமிலத்தைச் செல்லுக்குக் கொடுத்துவிட்டு, பிலிமில் தடம் விழ வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இப்போது, வெல்டிங் பட்டறை அசிட்டிலீனில் உள்ளதே முப்பிணைப்பு, அதை அமிலத்தின் நுனியில் வைத்துக் கொடுக்கிறார்கள். செல் வித்தியாசம் பாராமல் அதைப் புரதத்தில் ஒட்டிவிடும். பிறகு அசைடு என்ற நைட்ரஜன் கொக்கி கொண்ட ஒளிரும் சாயமும் கொஞ்சம் தாமிர உப்பும் சேர்த்தால் இரண்டும் இணைந்துகொள்ளும். புரதங்களைப் பிரித்துத் தக்க ஒளியில் பார்த்தால் வால் உள்ளவை மட்டும் பளிச்சிடும். ஹைட்ராக்சிலமின் சேர்த்தால் பால்மிடிக் வால் கழன்றுவிடும், மிரிஸ்டிக் வால் கழலாது. அதை வைத்து எது எதுவென்று பிரித்தறியலாம். கோப்புகளில் ‘அவசரம்’ சீட்டு செருகியே காலம் தள்ளிய எனக்கு இது சுலபமாகவே புரிந்தது! இந்தக் ‘கிளிக்’ வேதியியலுக்குத்தான் 2022-ல் பெர்டோசி, மெல்டால், ஷார்ப்லெஸ் மூவருக்கும் நோபல் பரிசு.

அந்தத் தாமிரம்தான் சிவகாசியில் மத்தாப்புக்கு நீல நிறம் தருவதும். மத்தாப்பு சூட்டில் ஒளிர்கிறது, சாயம் வேறொரு ஒளியை வாங்கிக்கொண்டு ஒளிர்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது, கொழுப்பு அமிலப் பாடத்தை ஆசிரியர் சோப்புக் கட்டியிலிருந்து தொடங்கினார். செவ்ரல் என்ற பிரெஞ்சுக்காரர் சோப்பை ஆராயத் தொடங்கித்தான் 1823-ல் கொழுப்புகள் பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டார். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பாடம் எனக்கு மறக்கவில்லை.

பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் நம்முடையது. மதிப்பெண் வாங்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு, பாமாயில் பாக்கெட்டும் நீல மத்தாப்பும் அந்தப் பாடத்தில்தான் இருக்கின்றன என்று யார் சொல்வது? மருந்துக் கலவை அறையில் வேலை பார்ப்பவரின் பிள்ளைக்கு வேதியியல் என்றால் வெடிவிபத்துச் செய்தி மட்டும்தான் என்று ஆகிவிடக் கூடாது. உயிர் காக்கும் ஆராய்ச்சியிலும் அதே தாமிரம் உண்டு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அதற்குப் புதுப் பாடத்திட்டம் வேண்டாம், வகுப்பில் பத்து நிமிடம் போதும்.

ஆசிரியப் பெருமக்கள் என்ன சொல்கிறீர்கள்?