நமுனுகுல மலையைத் தீயிலிருந்து காப்பது யார்?

ஜூன் பிறந்தால் ஊவாவில் கச்சான் காற்று தொடங்கிவிடும். மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய காற்றாக அது இந்தப் பக்கம் இறங்குகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்கு இருக்கும் தனி மணம் இந்தக் காற்று தந்தது. அதே காற்றுதான் பதுளை மாவட்டத்தில் 2,036 மீற்றர் உயரமுள்ள நமுனுகுல மலைத்தொடரின் மானாப்புல்லையும் சருகாக உலர்த்துகிறது. பிறகு ஒரு தீக்குச்சி போதும். மாட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று சிலர் கொளுத்துகிறார்கள். வேட்டைக்காரர் விலங்கை விரட்டக் கொளுத்துகிறார்கள். மலையேறிச் சமைத்துச் சாப்பிட வந்தவர்கள் அடுப்பை அணைக்காமல் போய்விடுகிறார்கள். புல்லில் பிடித்த தீ காற்றோடு மேலேறிக் காட்டின் ஓரத்தைத் தின்கிறது.

அந்தக் கரி ஆறுவதற்குள் வலசைப் பறவைகள் வந்துவிடுகின்றன. செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை அவற்றுக்கு இலங்கைதான் வீடு. அவற்றில் ஒன்றான ஆறுமணிக்குருவியைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: குட்டை வாலை அசைத்துத் தத்தித் தத்தி வந்து, அலகால் ஒரு காய்ந்த இலையைப் புரட்டும், கீழே புழு இருந்தால் எடுக்கும், இல்லாவிட்டால் அடுத்த இலைக்குப் போகும். அதன் உணவு சருகுக்கு அடியில்தான் இருக்கிறது. சருகு எரிந்த இடத்தில் அது எதைப் புரட்டும்? காஷ்மீர்ப் பக்கம் கூடு கட்டும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் பனிக்காலத்தைக் கழிக்க இலங்கை மலைநாட்டையும் மேற்குத் தொடர்ச்சி மலையையுமே பெரிதும் நம்பியிருக்கிறது. அழியும் ஆபத்துள்ள பறவைகளின் உலகப் பட்டியலில் அதுவும் உண்டு. காட்டோர மரங்களும் தேயிலைத் தோட்டத்து நிழல் மரங்களும் அதற்கு வாழிடம்.

தீயின் இழப்பு பறவையோடு நிற்பதில்லை. மலைக்காடு கெட்டால் ஊற்று வற்றும். ஊற்று வற்றினால் லயத்துப் பீலியில் குடத்தை வைத்துக்கொண்டு காத்துக்கிடக்க வேண்டியதுதான். ஒக்டோபரில் மழை இறங்கும்போது வெறுஞ்சரிவு மண்ணைப் பிடித்து வைக்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததைக் கண்ட மாவட்டம் இது. இங்கே சரிவில் நிற்கும் ஒவ்வொரு வேரும் மனித உயிருக்குக் காவல்.

தீ தோட்டத்தை நெருங்கினால் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு முதலில் ஓடுகிறவர்கள் லயத்து ஆட்கள். அந்த உழைப்புக்குப் பேரும் இல்லை, நாட்சம்பளமும் இல்லை. பறவைக் காலத்தில் எல்ல நகர்ப் பக்கமிருந்து கமராவோடு காலையில் வருகிறவர்கள் மாலையில் திரும்பிவிடுகிறார்கள். எந்தக் கானோரத்தில் எந்தக் குருவி இறங்கும் என்று கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தெரியும். அந்த அறிவால் அவர்கள் வீட்டுக்கு ஒரு சதம் வருவதில்லை. மலையைக் காப்பவர்களுக்கு மலையால் வருமானம் கிடைத்தால்தான் காவலும் நிலைக்கும்.

இதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. சிங்கராஜ வனத்தில் வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. அந்த வேலையைச் செய்கிறவர்களில் பலர் வனத்தைச் சுற்றியுள்ள கிராமத்து இளைஞர்கள். நமுனுகுலவிலும் அப்படிச் செய்யலாம்.

வன பாதுகாப்புத் திணைக்களமும் பசறைப் பிரதேச செயலகமும் தோட்ட நிர்வாகங்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு மே மாதமும் புல்வெளிக்கும் காட்டுக்கும் இடையே தீத்தடுப்புப் பாதை வெட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை தோட்ட இளைஞர்களைச் சம்பளத்துக்குத் தீக்காவலராக அமர்த்த வேண்டும். மாடு வளர்ப்போருக்குத் தோட்டத் தரிசில் தீவனப்புல் வளர்க்க இடம் கொடுத்தால் கொளுத்தும் தேவையே குறையும். 1907ஆம் ஆண்டின் வனச் சட்டம் ஒதுக்குக் காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. அதைச் சொல்லும் பலகை தமிழிலும் நிற்க வேண்டும்.

அதே இளைஞர்கள் ஒக்டோபரிலிருந்து பறவை வழிகாட்டிகளாகலாம். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை அவர்களுக்குத் தமிழிலேயே பயிற்சியும் உரிமமும் வழங்க வேண்டும். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் இயங்கும் களப் பறவையியல் குழுவும் இருக்கிறது. இரண்டும் தோட்டப் பாடசாலைகளுக்கு வந்து பிள்ளைகளின் கையில் தொலைநோக்கியைக் கொடுக்கட்டும். பார்க்க வருகிறவர்களும் உள்ளூர் வழிகாட்டிக்கு உரிய கூலியைக் கொடுக்க வேண்டும், குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அலைக்கழிக்கக் கூடாது.

இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. மண்வெட்டியும் சில மாதச் சம்பளமும் தமிழ் தெரிந்த அதிகாரிகளும் போதும். அடுத்த கச்சான் காற்றுக்கு முன் பசறையில் ஒரு கூட்டத்தைக் கூட்டுங்கள். தோட்டத் தலைவர்களையும் தலைவிகளையும் அதில் உட்கார வையுங்கள். எங்கே பாதை வெட்ட வேண்டும் என்பதை அவர்களே காட்டுவார்கள்.