நூறு ரூபாய் பாயிண்டுக்கு நாற்பதாயிரத்தை விடலாமா?

தியாகராயநகர் கடைகளில் பில் போடும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"என்னங்க, எந்தக் கார்டு?"

"பாயிண்டு ஜாஸ்தி தர்ற கார்டைக் குடும்மா!"

இதில் தப்பு ஒன்றும் இல்லை. சும்மா வருவதை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டாமா?

லாபம் எவ்வளவு?

மகளின் தலை தீபாவளி சீருக்கு ஒருவர் ரூ.40 ஆயிரத்துக்கு பிரிட்ஜ் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய்க்கு ஒரு பாயிண்டு. ஒரு பாயிண்டுக்கு 25 காசு. மொத்த லாபம் நூறே நூறு ரூபாய்!

அந்த பிரிட்ஜ் வந்து சேராவிட்டால்? உடைந்து வந்தால்? கடைக்காரர் "நாளைக்கு வாங்க" என்று இழுத்தடித்தால்? போவது நூறு அல்ல, நாற்பதாயிரம்!

பாங்கி கேட்கும்

ரொக்கமாக எண்ணிக் கொடுத்துவிட்டால் கடைக்காரர் பின்னால் அலைய வேண்டியதுதான். கிரெடிட் கார்டு என்றால் பாங்கியிடம் 'சார்ஜ்பேக்' கேட்கலாம். பில்லையும், கடைக்காரரிடம் புகார் செய்த அத்தாட்சியையும் காட்ட வேண்டும். ஞாயம் இருந்தால், கடைக்காரரின் பாங்கியிடம் இந்த பாங்கி பணத்தைத் திருப்பிக் கேட்கும். இதற்குக் கெடு உண்டு. அசந்தால் போச்சு!

பில்லில் தகராறு என்று புகார் வந்தால் 30 நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று 2022-ம் ஆண்டு ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டது. கார்டில் எவனோ திருடிவிட்டான், தவறு பாங்கி மேலும் இல்லை, வாடிக்கையாளர் மேலும் இல்லை என்றால், தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் கிடையாது என்றது 2017-ம் ஆண்டு உத்தரவு. ஓ.டி.பி. நம்பரைத் தானே சொல்லிவிட்டு அழுதால் இந்தச் சலுகை இல்லை.

எது நல்ல கார்டு?

சார்ஜ்பேக் எல்லாக் கார்டுக்கும் உண்டு. வித்தியாசம் பாங்கியில்தான் இருக்கிறது. போனை எடுக்கிறார்களா? புகாருக்கு நம்பர் தருகிறார்களா? வாங்கிய பொருளுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா? அதன் நிபந்தனை என்ன? கார்டு வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

மளிகைக்கும் பெட்ரோலுக்கும் பாயிண்டு கார்டே போதும். பெரிய சாமானுக்கு, புகாரைக் காது கொடுத்துக் கேட்கிற பாங்கியின் கார்டுதான் லாயக்கு. எந்தக் கார்டானாலும் கெடுவுக்குள் முழுப் பணத்தையும் கட்டாவிட்டால், வட்டி வந்து பாயிண்டை விழுங்கிவிடும்.

பாயசம் நல்லதுதான். ஆனால் இலையில் முதலில் சோறு விழ வேண்டும்!