வீட்டுக் கணக்கு: ஒரு வெள்ளி ஏலமும் பதினெட்டு வெள்ளித் தபாலும்



சென்ற இதழில் பள்ளி திறக்கும் காலத்துச் செலவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். மகளின் கைப்பேசியில் பார்த்து, இணைய ஏலத்தில் ஒரு பித்தளைக் காமாட்சி விளக்கு எடுத்தாராம். ஏலம் ஒரு வெள்ளியில் தொடங்கியதாம். பதினோரு வெள்ளிக்கு இவருக்கே விழுந்ததாம். பட்டணத்துக் கடையில் அதே விளக்கு நாற்பத்தைந்து வெள்ளி. வீட்டில் எல்லாருக்கும் ஒரே மகிழ்ச்சி. மறுநாள் விற்றவர் கணக்கு அனுப்பினார். விளக்கு பதினொன்று, தபாலும் பொட்டலம் கட்டும் கூலியும் முப்பத்தெட்டு, ஆக மொத்தம் நாற்பத்தொன்பது வெள்ளி. "வாத்தியார் ஐயா, நான் ஏமாந்தேனா, இல்லை இதுதான் இந்த வியாபாரத்தின் முறையா?" என்று கேட்கிறார்.

சகோதரி ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டுவிட்டார். அந்த முப்பத்தெட்டு வெள்ளி, ஏலம் கேட்பதற்கு முன்பே பக்கத்தில் எழுதப்பட்டிருந்ததா, அல்லது ஏலம் முடிந்த பிறகு வந்து முளைத்ததா? முன்பே எழுதியிருந்தால் அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. அவர் கேட்ட விலை பதினொன்று என்று அவர் நினைத்திருந்தாலும், உண்மையில் நாற்பத்தொன்பதுதான் கேட்டிருக்கிறார். எழுதாமல் மறைத்துப் பிறகு கேட்டிருந்தால் அது தவறு. அதற்குச் சட்டமும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த ஏலம் நமக்குப் புதிதல்ல. பசார் மாலாமில் "லேலோங், லேலோங்" என்று தொண்டை கிழியக் கூவுவதைக் கேட்டிருக்கிறோம். போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' என்ற சொல்தான் மலாயில் லேலோங் என்றாயிற்று. நமது ஏலம் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். ஆனால் பசார் மாலாமில் சட்டையை எடுத்தால் பையில் போட்டுக்கொண்டு நடந்து வந்துவிடலாம். இணைய ஏலத்தில் பொருள் ஜொகூரில் இருக்கிறது, நாம் பேராக்கில் இருக்கிறோம். நடுவில் இருக்கும் தூரத்துக்கு யாராவது காசு கொடுத்தாக வேண்டும்.

விலையைக் குறைத்துத் தபாலை ஏற்றுவது விற்பவர்களின் பழைய வித்தை. 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே என்ற ஏலத் தளத்தில் இது வெகுகாலம் நடந்தது. ஏலத்தில் விழுந்த விலையில் ஒரு பங்கைத் தளத்துக்காரர்கள் கழிவாக எடுத்துக் கொள்வார்கள். தபால் செலவின்மேல் அப்போது கழிவு கிடையாது. ஆகவே பொருளை ஒரு டாலருக்குப் போட்டு, தபாலுக்கு இருபது டாலர் என்று எழுதினால் விற்பவருக்குக் கழிவு மிச்சம். வாங்குபவருக்கும் ஒரு டாலர் என்ற எழுத்துத்தான் கண்ணில் படும். 2011-ல் ஈபே அமெரிக்காவில் விதியை மாற்றித் தபால் செலவையும் சேர்த்துக் கழிவு எடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு அந்த ஆசை கொஞ்சம் குறைந்தது. ஆனால் கழிவே இல்லாத முகநூல் ஏலக் குழுக்களில் இந்த வித்தைக்கு இன்றும் இடம் இருக்கிறது.

படித்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள் என்பதற்கு ஓர் ஆராய்ச்சியே உண்டு. தஞ்சிம் ஹொசைன், ஜான் மோர்கன் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் ஈபேயில் பாட்டுக் குறுந்தட்டுகளையும் விளையாட்டுத் தட்டுகளையும் ஏலம் விட்டுப் பார்த்தார்கள். ஒரே தட்டை ஒரு முறை 4 டாலர் தொடக்க விலை, தபால் இலவசம் என்று போட்டார்கள். மற்றொரு முறை தொடக்க விலை ஒரு சென்ட், தபால் 3 டாலர் 99 சென்ட் என்று போட்டார்கள். கூட்டிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒரு சென்டில் தொடங்கிய ஏலத்தில்தான் தபாலும் சேர்ந்து அதிகப் பணம் விழுந்தது! 2006-ல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். சுங்கை சிப்புட் சகோதரி வெட்கப்பட வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் இதையே கணக்காகப் போட்டேன். முதல் விளக்கு ஒரு வெள்ளியில் தொடங்கி இருபதுக்கு முடிந்தது, தபால் பதினெட்டு. இரண்டாவது விளக்கு பதினைந்தில் தொடங்கி இருபத்தேழுக்கு முடிந்தது, தபால் ஆறு. எது மலிவு? பாதி வகுப்பு முதல் விளக்கு என்று கையைத் தூக்கியது. கூட்டச் சொன்னேன். முப்பத்தெட்டு, முப்பத்து மூன்று. பின்வரிசைப் பையன் ஒருவன், "சார், ஒரு வெள்ளி விளக்குக்காரன் விளக்கை விற்கவில்லை, தபாலைத்தான் விற்கிறான்" என்றான். நான் எழுத நினைத்ததை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

ஆகவே ஏலம் கேட்கும்போது கீழிருந்து மேலே ஏறாதீர்கள். மேலிருந்து கீழே இறங்குங்கள். விளக்குக்கு மொத்தத்தில் எவ்வளவு கொடுக்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கடை விலையான நாற்பத்தைந்தே எல்லை என்று வையுங்கள். தபால் பதினெட்டு என்றால் அதை முதலில் கழித்துவிடுங்கள். மீதி இருபத்தேழு. அதற்குமேல் ஐம்பது காசு ஏறினாலும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். ஈபே போன்ற தளங்களில் உங்கள் உச்ச விலையை முதலிலேயே கொடுத்துவிடலாம். எதிராளி ஏற ஏற, அந்த எல்லைக்குள் இயந்திரமே உங்களுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கேட்கும். நள்ளிரவில் விழித்திருந்து சூடேறிக் கேட்பதைவிட இது நல்லது. காலையில் பிரட்டுக்குப் போக வேண்டியவர்களுக்கு உறக்கமும் ஒரு செலவுதானே.

தபால் செலவு எழுதப்படாமல் இருந்தால்? கேட்காமல் ஏலத்தில் இறங்காதீர்கள். "இந்த அஞ்சல் குறியீட்டுக்கு எவ்வளவு?" என்று ஊரின் ஐந்து இலக்க எண்ணைக் கொடுத்து எழுத்தில் கேளுங்கள். பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

இனி எடைக்கு வருவோம். இதில்தான் நம் தாய்மார்கள் அதிகம் நஷ்டப்படுகிறார்கள், குறிப்பாகத் தீபாவளிப் பலகாரம் விற்பவர்கள். பொட்டலம் அனுப்பும் நிறுவனங்கள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000-ஆல் வகுக்கிறார்கள். சில நிறுவனங்கள் 6000-ஆல் வகுக்கின்றன. வருவது 'அளவு எடை'. தராசு எடை, அளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். வண்டியில் இடத்தை அடைக்கும் பஞ்சு மூட்டைக்கும் காசு வாங்க வேண்டுமல்லவா, அந்த நியாயம்தான்.

முறுக்கு இரண்டு கிலோ. உடையாமல் இருக்கக் காகிதம் திணித்து 40 × 30 × 25 பெட்டியில் வைக்கிறீர்கள். பெருக்கினால் 30,000. ஐயாயிரத்தால் வகுத்தால் ஆறு. இரண்டு கிலோ முறுக்குக்கு ஆறு கிலோக் கட்டணம்! கிலோவுக்கு ஐந்து வெள்ளி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொண்டால், பத்து வெள்ளி என்று வாங்குபவரிடம் சொல்லியிருப்பீர்கள், முகப்பில் முப்பது கேட்பார்கள். இருபது வெள்ளி உங்கள் மாவிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் போகிறது. அதிரசம், பித்தளைச் சாமான் போன்ற கனமான பொருள்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவற்றைத் தராசே பிடித்துக் கொள்ளும். முறுக்கு, அச்சுமுறுக்கு, பூமாலை, துணிப் பொம்மை இவற்றுக்கு முதலில் பெட்டியை அளங்கள், பிறகு விலையைச் சொல்லுங்கள். பெட்டியின் உயரத்தில் ஐந்து சென்டிமீட்டர் குறைத்தால் மேலே சொன்ன கணக்கில் 24,000 ஆகிறது, ஐந்து கிலோவுக்குக் கீழே வந்துவிடுகிறது. கத்தரிக்கோலும் ஒட்டுத்தாளும் இருந்தால் போதும்.

விற்பவர்களுக்கு இன்னொரு முக்கியமான செய்தி. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள், இனி அடுக்குமாடி வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நிலையில் பல குடும்பங்கள் பாட்டி காலத்துப் பித்தளைக் குடம், மங்குத் தூக்குச்சட்டி, பழைய நாணயம் எல்லாவற்றையும் விற்கின்றன. இவற்றைச் சேகரிப்பவர்கள் பட்டணத்தில் நிறைய இருக்கிறார்கள். இப்படி எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இரண்டு குடங்களை 'தபால் இலவசம்' என்று போட்டு எழுபது வெள்ளிக்கு விற்றார். எடுத்தவர் சரவாக்கில் இருந்தார். தென்சீனக் கடலைத் தாண்டும் பொட்டலத்துக்குத் தீபகற்பத்துக்குள் போவதைவிட அதிகக் கட்டணம் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. தபாலுக்கும் பெட்டிக்கும் நாற்பத்தேழு வெள்ளி போய், இரண்டு குடத்துக்கும் சேர்த்து இருபத்து மூன்று வெள்ளி மிஞ்சியது. பழைய இரும்புக்காரர் எடைக்குப் போட்டு முப்பது தருவதாகச் சொல்லியிருந்தார். மாமியார் சீராகக் கொண்டு வந்த குடங்கள் அவை. எனவே 'தபால் இலவசம்' என்று எழுத ஆசைப்பட்டால் 'தீபகற்பத்துக்குள் மட்டும்' என்ற சொற்களையும் சேர்த்து எழுதுங்கள். சபா, சரவாக்குக்குத் தனிக் கட்டணம் என்று போட்டால் யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள். அங்குள்ளவர்களுக்கு இது பழக்கமான துன்பம்.

பழைய நாணயங்களைச் சாதாரண உறையில் போட்டு அனுப்பாதீர்கள். கண்காணிப்பு எண்ணுள்ள பொட்டலமாக அனுப்புங்கள், ரசீதைப் பொருள் சேரும் வரை பத்திரப்படுத்துங்கள். மதிப்பு அதிகமென்றால் காப்புறுதி உண்டா என்று முகப்பில் கேளுங்கள். அந்த இரண்டு மூன்று வெள்ளியையும் தபால் செலவிலேயே சேர்த்துச் சொல்லிவிடலாம்.

வெளிநாட்டு ஏலத்தில் வாங்குபவர்களுக்கு: 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து, ஐந்நூறு வெள்ளியும் அதற்குக் குறைவுமான இறக்குமதிப் பொருள்களை இணையம் வழி வாங்கினால், பதிவு பெற்ற விற்பனையாளர்கள் பத்து விழுக்காடு வரி சேர்த்து வாங்குகிறார்கள். விலை, தபால், வரி, நாணய மாற்று என நான்கும் சேர்ந்ததுதான் உங்கள் விலை.

தோட்டத்து முகவரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. லயத்து வீட்டுக்கு எண் இருந்தாலும் பட்டணத்திலிருந்து வரும் வண்டிக்காரருக்கு அது தெரியாது. செம்பனைக் காட்டுக்குள் இரண்டு மைல் வர மனமில்லாமல் 'ஆளில்லை' என்று எழுதித் திருப்பிவிடுவதும் உண்டு. பொட்டலம் திரும்பினால் மறுபடி அனுப்பும் செலவை விற்பவர் உங்கள் தலையில்தான் வைப்பார். தோட்டத்தின் பெயர், பிரிவு, தோட்ட ஆபீஸ், கைப்பேசி எண் எல்லாம் எழுதுங்கள். கிராணியிடம் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லி வையுங்கள். அல்லது பட்டணத்துக் கடையில் போய் எடுத்துக் கொள்ளும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சம்பளம் வாங்கிப் பட்டணம் போகும் நாளில் எடுத்து வரலாம்.

கேட்காத பொட்டலத்தைக் கொண்டுவந்து, "பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் கொடுங்கள்" என்று வாசலில் நிற்பவர்களும் இப்போது உண்டு. பகலில் வீட்டில் தனியாக இருக்கும் தாத்தா பாட்டியிடம், பெயர் சரியாக இருந்தாலும் பணம் கொடுக்க வேண்டாம், மாலையில் வரச் சொல்லுங்கள் என்று சொல்லி வையுங்கள்.

இப்போது அந்தச் சட்டம். இணையம் வழி வியாபாரம் செய்பவர், போக்குவரத்துச் செலவும் வரியும் உட்பட முழு விலையை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. அப்படித் தெரிவிக்காமல் பிறகு கேட்டால், முதலில் ஏலத் தளத்துக்கோ குழுவை நடத்துபவருக்கோ எழுதுங்கள். தீராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுச் செய்ய ஐந்து வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை. தன் வீட்டுச் சாமானை ஒரே ஒரு முறை விற்கும் தனி ஆளை விட, வியாபாரமாகச் செய்பவர் மீதுதான் இந்த வழி பயன்படும். சுங்கை சிப்புட் சகோதரி அந்த ஏலப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தால் எனக்கு அனுப்பட்டும், பார்த்துச் சொல்கிறேன்.

கடைசியாக, கூலிம் வாசகர் ஒருவர் அம்மிக்கல்லை ஏலத்தில் போடலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாகப் போடலாம், பட்டணத்தில் அதற்கு நல்ல கிராக்கி. ஆனால் முதல் வரியிலேயே 'நேரில் வந்து எடுத்துக் கொள்ள வேண்டும்' என்று எழுதிவிடுங்கள். குழவியோடு சேர்த்தா, தனியாகவா என்பதையும் எழுதுங்கள். தூக்கி வண்டியில் ஏற்ற இரண்டு ஆள் வரச் சொல்லுங்கள்.